கம்பெனி வக்கீல் யாருடைய வக்கீல்?



வன்கொடுமை வழக்கில் வக்கீல் யார் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்கு நாங்கள் விளக்கத் தேவையில்லை. அரசு வக்கீல் எந்தத் தெருக்காரர், எதிரித் தரப்போடு அவருக்கு என்ன பழக்கம், சாட்சியைக் கூண்டில் ஏற்றிவிட்டு எந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுகிறார் என்பதையெல்லாம் கவனிக்கப் பழகியவர்கள் நாம். அதனால்தான் 1995ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்பு விதிகளில் 4(5) நமக்கு மனப்பாடம். பாதிக்கப்பட்டவர் விரும்பினால் மாவட்ட ஆட்சியர் ஒரு மூத்த வழக்கறிஞரை அமர்த்தலாம், கட்டணத்தை அரசு கொடுக்கும். சம்பளம் கொடுப்பது ஒருவர், விசுவாசம் இருக்க வேண்டியது இன்னொருவரிடம். இந்த இரண்டையும் பிரித்து வைத்ததுதான் அந்த விதியின் உயிர்.

அதே நீதிமன்ற வளாகத்தில் இரண்டு அறை தள்ளி எம்.சி.ஓ.பி. நடக்கும். மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டு மனுக்கள். அங்கே நீலக்கொடி போகாது, பத்திரிகைக்காரர் வரமாட்டார், கோஷம் இருக்காது. ஆனால் அந்த அறையின் வாசலில் காத்திருப்பவர்களைப் பாருங்கள். பாதிப்பேர் காலனி ஆட்கள். கை உடைந்தவர், கணவனை இழந்தவர், கூடவே அந்த வண்டியின் சொந்தக்காரர். அவரும் காலனிதான்.

இன்று எழுத வந்தது கடைசியாகச் சொன்ன ஆளைப் பற்றி, அந்த வண்டிக்காரரைப் பற்றி. அவர் இன்ஷூரன்ஸ் கட்டியவர். வழக்கு வந்தால் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று நம்பிக் கட்டியவர். கம்பெனியின் லாபமும் அவருடைய லாபமும் ஒன்றாக இருக்கும் வரைக்கும் அந்த நம்பிக்கையில் தவறில்லை. இரண்டும் எதிரெதிராகப் பிரியும்போது அவருக்காகப் பேச ஒரு தனி வக்கீல் வேண்டும் என்பதுதான் விஷயம்.

எங்கள் குழுவில் நான்கு பேர். வட மாவட்டங்களில் விவசாயக் கூலிகளிடையே வேலை செய்கிறோம். எங்களிடம் வந்த ஒரு வழக்கைச் சொல்கிறோம். வழக்கு இன்னும் நடப்பதால் ஊர், பெயர், கம்பெனி எதையும் சொல்லப்போவதில்லை.

அந்த அண்ணன் தாட்கோ மானியத்தில் வங்கிக் கடன் வாங்கி ஒரு குட்டியானை எடுத்தார். அந்தக் காலனியில் அதுதான் முதல் நாலு சக்கர வண்டி. அவருடைய அப்பா கடைசி வரைக்கும் ஒரே பண்ணையில் வேலை பார்த்தவர். மகன் வண்டி வாங்கியதும் ஊர்த்தெருவில், "இனிமே ஆள் கூப்பிட்டா வரமாட்டானுங்க" என்று பேசிக்கொண்டார்களாம். பேசியது சரிதான், அவர் போகவில்லை. செங்கல், உர மூட்டை, கரும்புக் கரணை, நாற்றுக்கட்டு, எது கிடைத்தாலும் ஏற்றினார். பண்ணைக்காரர்களே வாடகைக்குக் கூப்பிட்டார்கள். ஏணிப்படி என்று யாரும் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் அது ஏணிப்படிதான்.

2018இல் ஒரு நடவு நாள். நாற்றங்கால் ஒரு ஊரில், நடவு வயல் பத்து கிலோமீட்டர் தள்ளி. விடியற்காலையில் பெண்கள் நாற்றுப் பறித்துக் கட்டினார்கள். கட்டுகளை வண்டியில் ஏற்றினார்கள். இறக்கவும் நடவும் அவர்களேதான் வேண்டும், அதனால் கட்டுகளுக்கு நடுவிலேயே ஏறி உட்கார்ந்தார்கள். அந்த வழியில் காலை பத்து மணிக்கு முன்னால் பஸ் கிடையாது. வாடகை பேசியதும் கொடுத்ததும் நிலத்துக்காரர். ஓட்டியது அண்ணனின் மச்சான். ஒரு வாய்க்கால் திருப்பத்தில் வண்டி கவிழ்ந்தது. ஒரு அம்மா இறந்தார். நான்கு பெண்களுக்குப் பலத்த காயம். அதில் ஒருவர் அண்ணனின் சொந்த அத்தை.

ஐந்து மனுக்கள் போட்டார்கள். முதல் எதிர்மனுதாரர் அண்ணன், இரண்டாம் எதிர்மனுதாரர் இன்ஷூரன்ஸ் கம்பெனி. அண்ணனுக்கு இதில் கோபமோ வருத்தமோ இல்லை. "கேஸ் போட்டாத்தான் அத்தைக்குப் பணம் வரும், போடுங்க" என்று ஆர்.சி. புத்தக நகலை அவரே எடுத்துக் கொடுத்தார். வண்டிக்காரருக்கும் அடிபட்டவருக்கும் பகை இல்லாத வழக்கு இது. இப்படிப்பட்ட வழக்கில்தான் கம்பெனி வக்கீலின் வேலை மிகச் சுலபம்.

மனு போடுவதற்கு முன்பே கம்பெனியிலிருந்து ஒரு விசாரணையாளர் வந்திருந்தார். நல்ல மனிதராகப் பேசினார், டீ குடித்தார். "அண்ணே, நம்ம கம்பெனி சார்பா வந்திருக்கேன், உங்களுக்கு ஒண்ணும் வராம பாத்துக்கத்தான்" என்றார். அந்தப் பெண்களிடம் காசு வாங்கினீர்களா என்று கேட்டார். சரக்கு வண்டியில் காசு வாங்கி ஆள் ஏற்றக் கூடாது என்று அண்ணனுக்குத் தெரியும். "அய்யோ, அவங்ககிட்ட ஒரு பைசா வாங்கல" என்றார். அது உண்மையும்கூட. விசாரணையாளர் எழுதினார், அண்ணன் கையெழுத்துப் போட்டார்.

இந்தப் பொறி எப்படிப்பட்டது என்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். காசு வாங்கினேன் என்றால், சரக்கு வண்டியில் வாடகைக்கு ஆள் ஏற்றிய நிபந்தனை மீறல். வாங்கவில்லை என்றால், அவர்கள் 'கட்டணமில்லாப் பயணிகள்'. சரக்கு வண்டியில் அப்படி ஏறியவர்களுக்குக் கம்பெனி பொறுப்பல்ல என்று ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக இந்தப் பக்கம் பதில் சொன்னாலும் அந்தப் பக்கம் பதில் சொன்னாலும் ஜெயிப்பது கம்பெனி. மூன்றாவது பதில் ஒன்று இருக்கிறது. அந்தப் பெண்கள் பயணிகளே அல்ல, நாற்றை ஏற்றி இறக்க அதே வண்டியில் வந்த வேலையாட்கள். அந்தப் பதிலுக்கான கேள்வியை அவர் கேட்கவே இல்லை.

விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து குனிந்து நாற்றுப் பறித்த பெண்களுக்குச் சட்டத்தாளில் வைத்த பெயர் 'இலவசமாக ஏறியவர்கள்'. இதைப் படித்தபோது எங்களில் ஒருவர் சிரித்தேவிட்டார். வேறென்ன செய்வது?

பிறகு சம்மன் வந்தது. அண்ணன் கம்பெனி கிளைக்குப் போய்க் கேட்டார். "நீங்க கோர்ட்டுக்கு அலைய வேண்டாம்ணே, கம்பெனி வக்கீல் இருக்காரு, ரெண்டு பேருக்கும் சேர்த்து அவரே பாத்துப்பாரு" என்று சொல்லி அனுப்பினார்கள். எழுத்தில் எதுவும் கிடையாது. அவர் போகவில்லை. மூன்றாவது வாய்தாவில் அவரை எக்ஸ்பார்ட்டி ஆக்கிவிட்டார்கள்.

இங்கேதான் 170ஆம் பிரிவு வருகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் இன்ஷூரன்ஸ் கம்பெனி எதை வைத்து வாதாடலாம் என்பதற்கு வரம்பு உண்டு. விபத்து நடந்தபோது அது 149ஆம் பிரிவு, 2019 திருத்தத்துக்குப் பிறகு 150. லைசென்ஸ் இல்லை, பெர்மிட் மீறல் போன்ற குறிப்பிட்ட சில காரணங்கள்தான் அதில் உண்டு. ஆனால் வண்டிக்காரர் வழக்கை எதிர்த்து நடத்தத் தவறினால், அல்லது மனுதாரரோடு கூட்டு சேர்ந்துவிட்டார் என்று தீர்ப்பாயம் கருதினால், 170இன்படி அனுமதி வாங்கி வண்டிக்காரருக்கு உள்ள எல்லா வாதங்களையும் கம்பெனியே எடுத்துக்கொள்ளலாம். அவருடைய செருப்பைப் போட்டுக்கொண்டு கம்பெனி நடக்கலாம்.

இன்னொரு கையில் அவருக்கு எதிரான வாதமும் கம்பெனியிடமே இருக்கிறது. எதிருரையின் முதல் பாதியில் 'விபத்தில் ஓட்டுநர் மீது தவறில்லை' என்று அண்ணனுக்காகப் பேசிய அதே வக்கீல், இரண்டாம் பாதியில் 'முதல் எதிர்மனுதாரர் பாலிசி நிபந்தனையை மீறியவர்' என்று அண்ணனுக்கு எதிராகப் பேசினார். ஆதாரமாகத் தாக்கல் செய்தது, டீ குடித்துவிட்டு எழுதிய அந்த வாக்குமூலத்தை.

பாலிசித் தாளின் பின்பக்கத்தை யாரும் படிப்பதில்லை. படித்தால், இன்ஷூரன்ஸ் எடுத்தவரின் பெயரிலேயே வழக்கை நடத்தவும் சமரசம் செய்யவும் கம்பெனிக்கு உரிமை உண்டு, நடத்தும் விதத்தில் முழு அதிகாரமும் கம்பெனிக்கே, கேட்கும் தகவலையெல்லாம் நீங்கள் கொடுக்க வேண்டும் என்று போட்டிருக்கும். கம்பெனியின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் நீங்கள் வைத்த வக்கீலுக்குச் செலவு தரமாட்டார்கள். நிபந்தனை மீறல் என்று ஆகிவிட்டால், சட்டத்துக்குக் கட்டுப்பட்டுக் கட்டிய பணத்தை உங்களிடமே திரும்ப வசூலிப்போம் என்றும் ஒரு வாசகம் இருக்கும். மூன்றையும் சேர்த்துப் படித்துப் பாருங்கள். உங்கள் வழக்கை நான் நடத்துவேன், உங்கள் ரகசியத்தை என்னிடம் சொல்லியாக வேண்டும், பிறகு உங்கள் மேல் நான் பாய்வேன்.

தீர்ப்பு வந்தது. ஐந்து மனுவும் சேர்ந்து 20 லட்சத்தைத் தாண்டியது. கம்பெனி முதலில் கட்ட வேண்டும், பிறகு அண்ணனிடம் வசூலித்துக்கொள்ளலாம். 'கட்டி, மீட்டுக்கொள்' என்று நீதிமன்ற வட்டாரத்தில் சர்வசாதாரணமாகச் சொல்லும் உத்தரவு இதுதான்.

இந்த உத்தரவை நாங்கள் குறை சொல்லவில்லை, அடிபட்டவருக்கு அதுதான் உயிர். கம்பெனியை முழுதாக விடுவித்திருந்தால் அத்தை தன் அண்ணன் மகனிடம்தான் பணத்துக்கு நிற்க வேண்டும். ஆனால் 'பாதிக்கப்பட்டவருக்குப் பணம் வந்துவிட்டது, வெற்றி' என்று எல்லோரும் கலைந்து போகும்போது, மீதி உத்தரவு ஒரு ஆளின் தலையில் இறங்குவதை யாரும் பார்ப்பதில்லை. ஸ்வரண் சிங் வழக்கில் 2004இல் உச்ச நீதிமன்றம் காட்டிய வழிப்படி, அந்தத் தொகையைக் கலெக்டருக்குச் சான்று அனுப்பி நிலவரி பாக்கி போல வசூலிக்கலாம். அதே ஆண்டு நஞ்சப்பன் வழக்கில், மீட்புக்குக் கம்பெனி தனியாக வழக்குப் போடத் தேவையில்லை, நிறைவேற்று மனுவே போதும், வண்டியையும் ஜப்தி செய்யலாம் என்றது. அண்ணனுக்கு ஜப்தி நோட்டீஸ் வந்தது 2023இல். வங்கிக் கடனில் இன்னும் ஒன்பது தவணை பாக்கி இருந்த வண்டி. அந்த நோட்டீஸைத்தான் எங்களிடம் கொண்டுவந்தார்.

சமூகவியல் வகுப்பில் மார்க் கேலன்டர் 1974இல் எழுதிய ஒரு கட்டுரையைப் படித்திருக்கிறோம். இருப்பவர்களே வழக்கில் ஏன் முன்னுக்கு வருகிறார்கள் என்பதுதான் கேள்வி. நீதிமன்றத்துக்கு வாழ்நாளில் ஒருமுறை வருபவர், தினம் வருபவர் என்று ஆட்களைப் பிரிப்பார். இன்ஷூரன்ஸ் கம்பெனி தினம் வருகிற ரகம். ஒரு வழக்கு தோற்றால் நஷ்டமில்லை, அடுத்த நூறு வழக்குக்கு எந்தத் தீர்ப்பு வேண்டும் என்று திட்டம் போடும். ஒருமுறை மட்டும் வருபவருக்கு அந்த ஒரு வழக்குதான் வாழ்க்கை. இதே கேலன்டர்தான் பின்னால் 1984இல் இந்தியாவின் இடஒதுக்கீடு, தீண்டாமைச் சட்டங்கள் பற்றிப் பெரிய புத்தகம் எழுதினார் என்பது உபரித் தகவல். தேர்வுக்குப் படித்தபோது கோடு போட்டுவிட்டுப் போன கட்டுரை அது. எம்.சி.ஓ.பி. வாசலில் அண்ணனோடு உட்கார்ந்திருந்தபோதுதான் வரிவரியாக ஞாபகம் வந்தது.

கம்பெனியும் பாலிசிதாரரும் முரண்படும் இந்தச் சிக்கலைச் சட்டம் போட்டே தீர்த்த இடம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் கலிஃபோர்னியா. சான் டியாகோவில் கடற்படையினருக்கான ஒரு கடன் சங்கத்தின் மேல் முன்னாள் ஊழியர் ஒருவர் வழக்குப் போட்டார். சங்கத்துக்கு இன்ஷூரன்ஸ் கொடுத்த கியூமிஸ் என்ற நிறுவனம் வக்கீலை அமர்த்தியது. கூடவே, சில குற்றச்சாட்டுகள் பாலிசிக்குள் வராது, அவற்றுக்குப் பணம் தர மறுக்கும் உரிமையை வைத்துக்கொள்கிறோம் என்றும் சொன்னது. சங்கம் தனக்கென்று தனி வக்கீல் வைத்தது. அந்தச் செலவை யார் தருவது என்ற வழக்கில், 1984இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இன்ஷூரன்ஸ் கம்பெனியே தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. சங்கத்துக்கு ஒரு மாதிரியும் கம்பெனிக்கு வேறு மாதிரியும் முடிவு தேவைப்படும்போது ஒரே வக்கீல் இரண்டு பக்கமும் நிற்க முடியாது என்பதுதான் காரணம். 1987இல் அது கலிஃபோர்னியா சிவில் சட்டத்தில் 2860ஆம் பிரிவாக ஏறியது. அப்படி அமர்த்தப்படும் வக்கீலை இன்றைக்கும் அங்கே 'கியூமிஸ் வக்கீல்' என்றுதான் சொல்கிறார்கள்.

அந்தப் பிரிவு கேட்டவர்க்கெல்லாம் தனி வக்கீல் கொடுப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கம்பெனி ஏதோ ஒரு உரிமையை வைத்துக்கொண்டாலே முரண்பாடு என்று ஆகிவிடாது. பாலிசி செல்லுமா செல்லாதா என்ற கேள்வியின் முடிவு, கம்பெனி அமர்த்திய வக்கீல் வழக்கை நடத்தும் விதத்தால் மாறக்கூடுமா என்பதைத்தான் பார்க்கிறார்கள். வக்கீலுக்குக் குறைந்தது 5 ஆண்டு அனுபவம் வேண்டும் என்று கம்பெனி கேட்கலாம். தன் வக்கீல்களுக்குத் தரும் கட்டணத்துக்கு மேல் தர வேண்டியதில்லை. ரொம்பக் கறாரான, சிக்கனமான ஏற்பாடு. ஆனாலும் ஏற்பாடு.

அண்ணன் வழக்கை இந்த உரைகல்லில் உரசிப் பாருங்கள். எந்தக் கேள்வியைக் கேட்பது, எதை விடுவது என்று வக்கீல் முடிவு செய்ததில்தானே எல்லாமே முடிந்தது? மனுதாரர்களைக் குறுக்கு விசாரணை செய்தபோது 'இலவசமாகத்தானே ஏறினீர்கள்' என்று கேட்டார்கள். 'வண்டியில் என்ன சரக்கு இருந்தது' என்று யாரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வி அண்ணனுக்கு வேண்டும், கம்பெனிக்கு வேண்டாம். நம் மோட்டார் வாகனச் சட்டத்தில் 2860 போல ஒரு பிரிவு கிடையாது. இந்திய பார் கவுன்சில் விதிகளில் 33ஆம் விதி உண்டு. ஒரு தரப்புக்கு ஆலோசனை சொன்ன, ஆவணம் எழுதிக் கொடுத்த, ஆஜரான வக்கீல், அதே விவகாரத்தில் எதிர்த்தரப்புக்கு ஆஜராகக் கூடாது. ஆனால் அண்ணன் வக்காலத்தில் கையெழுத்தே போடவில்லையே. அவர் கட்சிக்காரர் இல்லை, அவருடைய வாதம் மட்டும் எடுத்துக்கொள்ளப்பட்டது. விதி அங்கே வழுக்கி விழுகிறது.

சரி, இங்கே என்ன இருக்கிறது? 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 12ஆம் பிரிவு. பட்டியல் சாதி, பழங்குடியினர் யாராக இருந்தாலும், வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் பெறத் தகுதி உடையவர். மனுதாரராக இருந்தாலும் எதிர்மனுதாரராக இருந்தாலும். இந்தக் கடைசி வார்த்தைதான் முக்கியம். இலவச சட்ட உதவி அடிபட்டவருக்கு மட்டும் என்ற நினைப்பு நம் ஆட்களிடம் ஆழமாக இருக்கிறது. வண்டி வைத்திருப்பவன் பணக்காரன், அவனுக்கு எதற்கு இலவச வக்கீல் என்று வட்ட சட்டப் பணிகள் குழு அலுவலகத்திலேயே ஒருவர் எங்களிடம் கேட்டார். சாதிச் சான்றிதழை மேசையில் வைத்து 12ஆம் பிரிவைக் காட்டினோம். அதற்குமேல் பேச்சில்லை.

இன்னொன்று. சர்ச்சுக்குப் போகும் குடும்பமாகப் பதிவானவர்களுக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கிடைக்காது. அவர்களுக்கு இந்தக் கதவு மூடியிருக்கும், வருமான வரம்பு வழியாகத்தான் போக வேண்டும். பெண்ணாக இருந்தால் மதம், வருமானம் எதுவும் பார்க்காமல் உண்டு. ஒரே காலனியில் ஒரே தெருவில் இந்த வித்தியாசம். அதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

எங்களுக்கு ஒதுக்கப்பட்ட முதல் வக்கீலிடம் முதலில் கேட்டது, "அம்மா, நீங்க ஏதாவது இன்ஷூரன்ஸ் கம்பெனி பேனல்ல இருக்கீங்களா?" என்பதுதான். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. இருக்கிறேன் என்று சொல்லி, வேறு ஒருவருக்கு மாற்றித்தரச் சொல்லி அவரே எழுதிக் கொடுத்தார். அப்படிப்பட்ட வக்கீல்களும் இருக்கிறார்கள். இரண்டாவதாக வந்தவர் இளைஞர், கட்டை முழுக்க உட்கார்ந்து படித்தார். அவர் கண்டுபிடித்ததைச் சொல்ல வேண்டும்.

போலீஸ் எழுதிய பார்வை மகஜர் குற்ற வழக்குக் கோப்பில் இருந்தது. எம்.சி.ஓ.பி.யில் யாரும் அதைக் குறியீடு செய்யவில்லை. அதில் ஒரு வரி, சாலையிலும் வாய்க்காலிலும் நாற்றுக்கட்டுகள் சிதறிக் கிடந்தன என்று. ஐந்து வருடமாக அந்த வரி அங்கேயே கிடந்தது.

இரண்டாவது, பாலிசியின் பிரீமியக் கணக்கு. ஏற்றி இறக்கும் தொழிலாளர் இரண்டு பேருக்கு அண்ணன் கூடுதல் பிரீமியம் கட்டியிருந்தார். ஏஜென்ட் சேர்க்கச் சொன்னார், சேர்த்தார், மறந்துவிட்டார். ஐந்து பேருக்கு இது போதாது என்பது உண்மை. ஆனால் அஞ்சனா ஷ்யாம் வழக்கில், அது பேருந்து வழக்கு, அளவுக்கு மீறி ஆள் ஏறியிருந்தபோது உச்ச நீதிமன்றம் 2007இல் ஒரு வழி சொன்னது. எத்தனை பேருக்கு இன்ஷூரன்ஸ் உண்டோ அத்தனை தொகைகளை, இருப்பதிலேயே பெரிய தொகைகளாக எடுத்து, கம்பெனி கட்ட வேண்டும். அதே கணக்கு இங்கே பொருந்தினால் இறந்துபோன அம்மாவின் தொகை உட்பட இரண்டு பெரிய தொகைகள் கம்பெனியின் பொறுப்பு. அண்ணன் தலைமேல் இருக்கும் சுமையில் பாதிக்கு மேல் இறங்கும்.

மூன்றாவது, லைசென்ஸ். மச்சானிடம் இலகு ரக வாகன லைசென்ஸ் இருந்தது, பேட்ஜ் இல்லை, அதுவும் மீறல் என்று கம்பெனி எதிருரையில் எழுதி, தீர்ப்பிலும் அது ஏறியிருந்தது. விபத்துக்கு ஒரு வருடம் முன்பே, 2017இல், முகுந்த் தேவாங்கன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்கு இலகு ரக லைசென்ஸே போதும் என்று சொல்லிவிட்டது. 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வும் அதை உறுதி செய்தது. குட்டியானை அந்த எடையில் பாதிகூட வராது. எதிர்த்துச் சொல்ல அண்ணன் பக்கம் ஒரு ஆள் இருந்திருந்தால் ஐந்து நிமிட வாதம். ஆள் இல்லை.

ஜெயித்துவிடுவோம் என்று இதையெல்லாம் சொல்லவில்லை. நடவுப் பெண்களை ஏற்றி இறக்கும் தொழிலாளர் என்று எடுத்துக்கொள்வதை நீதிபதி ஏற்காமல் போகலாம். நடக்காததை நடந்ததாகச் சொல்லவும் நாங்கள் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. நாற்று இருந்தது, அவர்கள்தான் கட்டினார்கள், அவர்கள்தான் ஏற்றினார்கள். நடந்ததைச் சொல்ல ஒரு வாய் வேண்டும் என்பதுதான் கேட்பது.

மேல்முறையீட்டுக்குப் போகலாமா என்று யோசித்தோம். 173ஆம் பிரிவின்படி தொகையில் பாதி அல்லது 25,000 ரூபாய், எது குறைவோ அதைக் கட்டினால்தான் உயர் நீதிமன்றம் மனுவையே எடுக்கும். ஐந்து தீர்ப்புக்கு ஐந்து மேல்முறையீடு, 1,25,000 ரூபாய். 90 நாள் கெடுவும் எப்போதோ போய்விட்டது. அதனால் எக்ஸ்பார்ட்டி உத்தரவை நீக்கக் கோரி, தாமதத்தைப் பொறுத்தருளும் மனுவோடு, கீழேயே போட்டோம்.

அங்கே ஒரு சிக்கல் எழுந்தது. அந்தப் பெண்களில் ஒருவர், கால் இன்னும் நேராகாதவர், அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்று கேட்டார். "தம்பி, நீ கேஸ திருப்பி எடுத்தா எங்க காச திருப்பிக் கேப்பாங்களா? நான் மவ கல்யாணத்துக்குக் குடுத்துட்டேன்." கேள்வி நியாயமானது. தீர்ப்பை முழுதாக ரத்து செய்தால் என்னாகும் என்ற பயம் ஐந்து வீட்டிலும் இருந்தது. கம்பெனி தரப்பிலிருந்து யாரோ ஒருவர் அந்தப் பயத்தை ஊதியும் விட்டிருந்தார் என்று பிறகு தெரிந்தது. அண்ணன் எங்கள் வக்கீலிடம் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "அவங்களுக்கு வந்த பணத்துல கை வைக்கக் கூடாது சார். அதுக்கு வழி இல்லேன்னா விட்டுடுங்க, வண்டி போனா போவுது." வக்கீல் மனுவை மாற்றி எழுதினார். இழப்பீட்டுத் தொகையைப் பற்றித் தனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை, கம்பெனிக்குக் கொடுத்த மீட்பு உரிமையை மட்டும் கேட்க வேண்டும் என்று. அந்த ஐந்து பேரும் தங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று கையெழுத்திட்டுக் கொடுத்தார்கள். கைநாட்டு மூன்று, கையெழுத்து ஒன்று, இறந்தவருக்காக மகன்.

கம்பெனி வக்கீல் உடனே எழுந்து, பார்த்தீர்களா, கூட்டுச் சதி என்றார். ஒரே தெருவில் இருப்பவர்கள் ஒருவர் சோற்றில் ஒருவர் மண் அள்ளிப் போடாமல் இருந்தால் சட்டத்தில் அதற்குப் பெயர் கூட்டுச் சதி போலிருக்கிறது.

கல்லூரியில் படிக்கும் தோழர்களிடம், குறிப்பாகச் சட்டம் படிப்பவர்களிடம், கேட்பது இதுதான். உங்கள் காலனியில் வண்டி வைத்திருப்பவர்களின் பாலிசியை வாங்கி ஒருமுறை படியுங்கள். எத்தனை பேருக்குப் பிரீமியம் கட்டியிருக்கிறது, ஏற்றி இறக்கும் ஆட்களுக்குச் சேர்த்திருக்கிறதா என்று பாருங்கள். விபத்து நடந்துவிட்டால், விசாரணையாளர் எழுதிய தாளில் நம் ஆள் கையெழுத்துப் போடும் முன் யாராவது ஒருவர் பக்கத்தில் இருங்கள், நகல் கேளுங்கள். இப்போதைய விதிப்படி முதல் விபத்து அறிக்கையைப் போலீஸ் 48 மணி நேரத்துக்குள் அனுப்ப வேண்டும். வண்டியில் என்ன சரக்கு இருந்தது என்பது அந்த முதல் தாள்களிலேயே ஏற வேண்டும். சம்மன் வந்தால், 'கம்பெனி பார்த்துக்கொள்ளும்' என்று சொன்னவரிடம் ஒரு கடிதம் கேளுங்கள். பாலிசி நிபந்தனை மீறல் என்ற வாதத்தை எடுக்கப்போகிறீர்களா, இல்லையா என்று எழுதிக் கொடுங்கள் என்று. பதில் வராது. வராததே பதில். அன்றைக்கே சாதிச் சான்றிதழ் நகலோடு நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் குழுவுக்குப் போய்த் தனி வக்கீல் கேட்டு, தனி எதிருரை போடவைத்துவிட வேண்டும். 15100க்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள். இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாமே என்று சிலர் கேட்கிறார்கள். நீதிமன்றத்தில் நிலுவையில் இருக்கும் விஷயத்தை அவர் தொடமாட்டார்.

நிலத்துக்காரரைப் பற்றி ஒரு வார்த்தை. வாடகை பேசியது அவர், ஆட்களை அந்த வண்டியிலேயே வரச் சொன்னது அவர், நடவு அவருடையது. ஐந்து மனுவிலும் அவர் பெயர் எங்கேயும் இல்லை. இப்போது எங்கள் வக்கீல் அவரைச் சாட்சியாக அழைக்க மனு போட்டிருக்கிறார். வாடகை கொடுத்ததையும் நாற்று ஏற்றியதையும் அவர் வாயால் சொன்னால் போதும். வருவாரா, வந்தால் என்ன சொல்வார் என்று காலனியில் பந்தயம் கட்டாத குறை. அண்ணனின் அத்தை மட்டும், "அவரு வரட்டும், வராம போகட்டும், நான் வந்து சொல்றேன், நாத்து கட்டுனவ நான்" என்கிறார்.

தாமதத்தைப் பொறுத்து மனுவை எடுத்துக்கொண்டார்கள். 3,000 ரூபாய் செலவுத்தொகை கட்டச் சொன்னார்கள், கட்டியாகிவிட்டது. ஜப்திக்கு இடைக்காலத் தடை இருக்கிறது. வண்டி ஓடுகிறது. மகஜரைக் குறியீடு செய்ய அடுத்த வாய்தா.